நிலக்கடலைப் பூசணமும் கல்லீரல் புற்றுநோயும்

களத்தில் கடலை காய்ந்து, தூற்றி, மூடை பிடித்த பிறகு திரண்ட காய்கள் விற்பனைக்கூடத்துக்கோ வியாபாரியிடமோ போய்விடுகின்றன. சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது, பூச்சி அரித்தது ஆகியவை தனியே ஒதுங்குகின்றன. இவற்றுக்கு விலை கிடையாது. விலை கிடையாததால் இவை வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. சட்னிக்கு அரைப்பதும், பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தக் கழிவுக் கடலையைத்தான். எஞ்சியது செக்குக்குப் போகிறது. செக்கிலிருந்து வரும் பிண்ணாக்கு கறவை மாட்டுக்கு ஆகிறது. எதையும் வீணாக்கக் கூடாது என்பது சிறு விவசாயக் குடும்பங்களின் நல்ல பழக்கம். ஆனால் இந்த ஒரு பொருளில் மட்டும் அந்தப் பழக்கம் உயிருக்கே கேடாக முடியலாம்.

உணவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி நாள்தோறும் பலவிதமான செய்திகள் காதில் விழுகின்றன. இதைத் தின்றால் புற்றுநோய் வரும், அதைத் தின்றால் வந்த நோயும் போகும் என்கிறார்கள். இவற்றுள் பல உறுதிப்படாதவை. ஐயத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பிக்கப்பட்டவை சிலவே. அந்தச் சிலவற்றுள் ஒன்று, நிலக்கடலை, மக்காச்சோளம் போன்ற விளைபொருள்களில் வளரும் ஒரு பூசணத்தின் நஞ்சு கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது. இந்த நஞ்சைத் தடுப்பதற்கான வேலை வயலிலும் களத்திலும் முறத்திலும் நடக்க வேண்டிய வேலை. அதற்குப் பெருஞ்செலவும் இல்லை.

வான்கோழிகள் காட்டிய நஞ்சு

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் வான்கோழிப் பண்ணைகளில் இன்னதென்று தெரியாத ஒரு நோய் பரவியது. சில மாதங்களுக்குள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. நோய்க்கிருமி எதுவும் அகப்படாததால் அதை 'எக்ஸ்' நோய் என்றே அழைத்தார்கள். தீவனத்தை ஆராய்ந்தபோதுதான் உண்மை தெரிந்தது. மடிந்த பறவைகள் தின்ற தீவனத்தில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு கலந்திருந்தது. அந்தக் கடலையில் 'ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ்' என்னும் பூசணம் வளர்ந்து நஞ்சை விட்டுச் சென்றிருந்தது. பூசணத்தின் பெயரை வைத்தே அந்த நஞ்சுக்கு 'அப்ளாடாக்சின்' என்று பெயரிட்டார்கள்.

இந்த நஞ்சில் பல வகைகள் உண்டு. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்பவை பி வகை, பச்சையாக ஒளிர்பவை ஜி வகை. எல்லாவற்றிலும் கொடியது பி-1. நஞ்சு கலந்த பிண்ணாக்கை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் கல்லீரலில் புற்றுக்கட்டிகள் தோன்றின. பிறகு ஆப்பிரிக்க நாடுகளிலும் சீனாவிலும் மக்களிடையே பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடந்தது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1987-இல் அப்ளாடாக்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகைபிடித்தலும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

பூசணம் எங்கிருந்து வருகிறது

இந்தப் பூசணம் மண்ணிலும், மட்கிய செடிகளிலும், களத்துத் தூசியிலும் எப்போதும் இருக்கிறது. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் தூள்போல் படியும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வேகமாக வளரும். 25 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்கு உகந்தது. நம் ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அந்த வெப்பம்தான். எனவே வெப்பத்தை நாம் மாற்ற முடியாது. ஈரத்தையும் காயத்தையும் மட்டுமே குறைக்க முடியும். ஓடு உடையாத, நன்றாகக் காய்ந்த, முற்றிய காய்க்குள் பூசணம் புகுவது கடினம். ஓட்டில் சிறு கீறல் இருந்தாலும், பருப்பில் ஈரம் மிஞ்சினாலும் அதற்கு வழி திறந்துவிடுகிறது.

வெளியே பூசணம் தெரியாத பருப்பிலும் நஞ்சு இருக்கக்கூடும். இரு பருப்புக்களுக்கு இடையில் உள்ள குழியில் பூசணம் வளர்ந்திருக்கும், மேல்தோல் நன்றாகவே இருக்கும். அதுபோல் ஒரு மூடையில் எல்லாப் பருப்பிலும் நஞ்சு சமமாகப் பரவியிருப்பதில்லை. மிகச் சில பருப்புக்களிலேயே பெரும்பகுதி நஞ்சு குவிந்திருக்கும். ஒற்றைப் பருப்பில் கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டி நஞ்சு இருந்ததும் உண்டு. அரை கிராம் எடையுள்ள அத்தகைய ஒரு பருப்பு, 30 கிலோ நல்ல பருப்போடு சேர்ந்து அரைபட்டால் அத்தனையும் சட்டத்தின் வரம்பைத் தாண்டிவிடும். கைப்பொறுக்கு எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அந்தச் சட்ட வரம்பு என்ன? நம் நாட்டில் நேரே உண்ணும் கடலைக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், மேலும் பக்குவப்படுத்தப் போகும் கடலைக்கு 15 மைக்ரோகிராம் என்று உணவுப் பாதுகாப்பு விதி வரையறுத்திருக்கிறது. 15 மைக்ரோகிராம் என்றால், லாரிக்கு 10 டன் வீதம் 100 லாரிக் கடலையில் 15 கிராம் நஞ்சு. அவ்வளவு சிறிய அளவே கணக்கில் வருகிறது. ஐரோப்பிய நாடுகள் நேரே உண்ணும் கடலைக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்பதில்லை. ஏற்றுமதிக்குப் போகும் கடலை இந்த வரம்பைத் தாண்டினால் திருப்பி அனுப்பப்படும். திருப்பப்பட்ட சரக்கின் நட்டம் சுற்றிச் சுற்றி விளைவித்தவர் பெறும் விலையில்தான் வந்து விடியும்.

நஞ்சு புற்றாக மாறுவது எப்படி

சாப்பிட்ட நஞ்சு கல்லீரலை அடைகிறது. உடலுக்கு ஆகாத பொருளை மாற்றி வெளியே தள்ளுவது கல்லீரலின் வேலை. அந்த வேலையின் நடுவில் அப்ளாடாக்சின் முன்னைவிடத் தீவிரமான வேறொரு பொருளாக மாறுகிறது. அது கல்லீரல் செல்லின் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் மரபுச் செய்தி பிழைபடுகிறது.

செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் மரபணு ஒன்று உண்டு. அதன் பெயர் பி-53. சீனாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் புற்றுநோய் கண்டவர்களை ஆராய்ந்த இரண்டு குழுக்கள் 1991-இல் தம் முடிவுகளை வெளியிட்டன. நோயாளிகள் பலருக்கு அந்த மரபணுவின் 249-ஆம் இடத்திலேயே பழுது ஏற்பட்டிருந்தது. வெவ்வேறு கண்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரே இடத்தில் ஒரே பழுது. இரு பகுதிகளிலும் பூசணம் பிடித்த உணவு வழக்கத்தில் இருந்தது. அப்ளாடாக்சின் விட்டுச்செல்லும் தடம் அது.

ஒரு முறை ஒரு சொத்தைப் பருப்பைத் தின்றவருக்குப் புற்றுநோய் வந்துவிடாது. சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் சேரும்போதுதான் ஆபத்து வளர்கிறது. அதனால்தான் கண்ணுக்கு உடனே ஒன்றும் தெரிவதில்லை. கல்லீரல் புற்றுநோய்க்கு இது ஒன்றே காரணமும் அன்று. மது, பி வகை, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள், கல்லீரலில் கொழுப்புச் சேர்தல் ஆகியவையும் காரணங்கள்.

இரண்டு பகைவர்கள் ஒன்று சேர்ந்தால்

இவற்றுள் பி வகை மஞ்சள் காமாலைக் கிருமியும் அப்ளாடாக்சினும் ஒருவர் உடலில் சேர்ந்துவிட்டால் விளைவு மிகக் கடுமையாகிறது. சீனாவின் ஷாங்காய் நகரில் 18,244 ஆண்களின் சிறுநீரையும் இரத்தத்தையும் சேகரித்து வைத்து, அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடிவுகள் 1992-இலும் 1994-இலும் வெளியாயின. நஞ்சும் கிருமியும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, நஞ்சு மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து 3 மடங்குக்குச் சற்று அதிகம். கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு சுமார் 7 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கோ ஏறத்தாழ 60 மடங்கு.

ஆகவே பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் பி வகை மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போடுவதும், பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுவதும் மிகவும் அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை இலவசம். ஐந்து நோய்த் தடுப்பூசி நம் நாட்டில் 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கப்பட்டது. கடலையைக் காயவைப்பதும் குழந்தைக்கு ஊசி போடுவதும் ஒரே நோய்க்கு எதிரான இரண்டு வேலிகள்.

ஒரே மாதத்தில் உயிர் குடித்த மக்காச்சோளம்

நஞ்சின் அளவு மிகும்போது புற்றுநோய் வரும்வரை அது காத்திருப்பதில்லை. 1974-ஆம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மலைவாழ் மக்களின் கிராமங்களில் காமாலை பரவியது. மக்காச்சோளம் முற்றும் நேரத்தில் பெய்த மழையில் கதிர்கள் நனைந்து பூசணம் பிடித்திருந்தன. வேறு தானியம் இல்லாததால் மக்கள் அதையே உண்டார்கள். அந்த உணவைப் பகிர்ந்து தின்ற வீட்டு நாய்களும் செத்தன. நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்து, காரணம் அப்ளாடாக்சின் என்று கண்டுபிடித்தார்கள். 2004-இல் கென்யா நாட்டிலும் இதேபோல் மக்காச்சோளத்தால் 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள்.

செய்து காட்டிய கிராமங்கள்

சிறு விவசாயிகள் கையில் உள்ள எளிய பொருள்களைக்கொண்டே இந்த நஞ்சைக் குறைக்க முடியுமா? முடியும் என்பதை மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கினி நாட்டின் விவசாயிகள் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கும் நிலக்கடலைதான் அன்றாட உணவு. அங்கே 20 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 10 கிராமங்களில் புதிய முறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற 10 கிராமங்களில் வழக்கம்போல் நடக்க விட்டார்கள். ஆய்வின் முடிவு 2005-இல் வெளிவந்தது.

சொல்லிக் கொடுத்த முறைகள் இவ்வளவுதான்: பூசணம் பிடித்ததையும் உடைந்ததையும் கையால் பொறுக்கி நீக்குதல், வெறுந்தரையில் இல்லாமல் நார்ப்பாயில் காயவைத்தல், காயைக் குலுக்கி, உள்ளே பருப்பு ஆடும் ஒலி கேட்கிறதா என்று பார்த்துக் காய்ச்சலை அறிதல், சணல் போன்ற நார்ச்சாக்கில் கட்டுதல், மூடைகளை மரச்சட்டத்தின்மேல் அடுக்குதல், சட்டத்தின் கீழ்த் தரையில் பூச்சிமருந்து தூவுதல்.

அறுவடை முடிந்த 5 மாதங்களில், வழக்கம்போல் இருந்த கிராமத்தாரின் இரத்தத்தில் நஞ்சின் அடையாளம் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. புதிய முறைகளைக் கைக்கொண்ட கிராமத்தாரிடம் அது ஏறத்தாழ அறுவடைக் காலத்து அளவிலேயே நின்றது. இரு பிரிவையும் ஒப்பிட்டால், இவர்களுடைய அளவு அவர்களுடையதில் பாதிக்கும் குறைவு. இரத்தத்தில் நஞ்சின் அடையாளமே இல்லாதவர்கள் அங்கே 100-க்கு 2 பேர், இங்கே 100-க்கு 20 பேர். மருந்தில்லை, ஊசியில்லை. பாயும் சாக்கும் மரச்சட்டமும் பொறுக்கும் கைகளும் செய்த வேலை இது.

வயலில் செய்ய வேண்டியவை

பூசணம் களத்தில்தான் வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். காய் மண்ணுக்குள் இருக்கும்போதே அது புகுந்துவிடுவதும் உண்டு. எனவே கவனம் வயலிலேயே தொடங்க வேண்டும்.

1. சுருக்கமும் காயமும் இல்லாத பருப்பையே விதைக்கப் பொறுக்க வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது வேரழுகல் பூசணத்துக்கும் தடை.

2. விதைத்த 40 முதல் 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் 40 முதல் 75-ஆம் நாளுக்குள் மண்ணில் ஈரம் இருக்கும் நாளைப் பார்த்து இடலாம். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஓட்டை உறுதியாக்கும்; பொக்குக் காயைக் குறைக்கும். மண் அணைத்த பிறகு வயலைக் கிளறக் கூடாது. கிளறினால் விழுதுகளும் இளங்காய்களும் காயம்படும்.

3. கரையான், வேர்ப்புழு, காய் துளைக்கும் பூச்சி ஆகியவை ஓட்டில் போடும் ஓட்டையே பூசணத்துக்கு வாசல். ஓட்டை விழுந்த காய்களைக் கண்டால் உழவர் அலுவலரிடம் காட்டி உடனே பரிகாரம் செய்ய வேண்டும்.

4. அறுவடைக்கு முந்திய 3 முதல் 6 வாரங்களில் கடும் வறட்சி கண்ட வயலில் நஞ்சு மிகுதி. செடி வாடும்போது காய் தன் எதிர்ப்பை இழக்கிறது. சூடேறிய மண்ணில் பூசணம் பெருகுகிறது. கிணற்றிலோ பண்ணைக்குட்டையிலோ ஒரு தண்ணீருக்குத்தான் வழி உண்டு என்றால், அதை இந்தப் பருவத்துக்கு வைத்துக்கொள்வது நலம். காய் எடையும் கூடும்.

5. வறட்சியால் வயலின் ஒரு பகுதியில் மட்டும் செடிகள் முன்னதாகக் காய்ந்துபோனால் அந்தப் பகுதியின் காய்களைத் தனியே பிடுங்கித் தனியே வைக்க வேண்டும். நல்ல காயோடு கலந்தால் முழு மூடையும் கெடும்.

அறுவடையில் கவனம்

கொத்துக்கடலை 100 நாளை நெருங்கும்போது வயலில் ஐந்தாறு இடங்களில் செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்க வேண்டும். முற்றிய காயின் ஓட்டு உட்புறம் கரும்பழுப்பாக மாறியிருக்கும். 100 காய்களில் 75 இப்படி இருந்தால் அறுவடைக்கு ஏற்றது. முன்னதாகப் பிடுங்கினால் சுருங்கிய பருப்பு அதிகமாகும்; அதில் பூசணம் எளிதில் பிடிக்கும். நாள் கடத்தினால் காய் மண்ணிலேயே தங்கும், முளைக்கும், கரையான் அரிக்கும்.

பிடுங்கிய செடிகளை மண் உதறி, காய்ப்பக்கம் மேலே வெயில் படும்படி கவிழ்த்துப் பரப்ப வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று பச்சைக் கொடியைப் போராகக் குவித்து வைப்பது மிகத் தீங்கானது. குவியலின் நடுவில் சூடேறி, ஈரம் தங்கி, ஓரிரு நாளில் பூசணம் பரவும். ஆள் பற்றாக்குறை உள்ளவர்கள் ஒரே நாளில் முழு வயலையும் பிடுங்காமல், அன்றன்று ஆய முடிந்த அளவுக்கே பிடுங்குவது நலம்.

அறுவடைக்குப் பிறகு வயலைக் கிளறிப் பொறுக்கும் விட்டகாய்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இவை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை என்பது பல ஊர்களில் வழக்கம். பிடுங்கிய அன்றே பொறுக்கிய காய் என்றால் குறையில்லை. மழை பெய்து பல நாள் கழித்து எடுத்த காய்களில் முளைத்ததும் அழுகியதும் நிறைய இருக்கும். ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து, வெள்ளையாகவும் கெட்டியாகவும் உள்ளதை மட்டுமே உண்ண வேண்டும்.

காயவைக்கும் முறை

ஆய்ந்த காயைச் சாணம் மெழுகிய உலர்ந்த களத்திலோ, பாயிலோ, தார்ப்பாயிலோ மெல்லிய பரப்பாகப் போட்டு அடிக்கடி கிளறிவிட வேண்டும். மாலையில் குவித்து மூடிப் பனி படாமல் காக்க வேண்டும். காலையில் தரை உலர்ந்த பிறகே மீண்டும் பரப்ப வேண்டும். விதைக்கு வைக்கும் காயை உச்சி வெயிலில் காயவைக்கக் கூடாது; முளைப்புத்திறன் போய்விடும்.

காயில் ஈரம் 100-க்கு 8 பங்குக்குக் கீழே வர வேண்டும். ஈரம் பார்க்கும் கருவி இல்லாதவர்களும் மூன்று வழிகளில் இதை அறியலாம். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பை விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் உரிய வேண்டும். பருப்பை அழுத்தினால் வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். களத்தின் நடுவிலும் ஓரத்திலும் அடியிலும் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஆனி, ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலை ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொள்வது நம் பகுதியில் அடிக்கடி நேர்வது. அந்த நாட்களில் ஈரக் காயைச் சாக்கில் கட்டி வைக்கக் கூடாது. திண்ணை, கொட்டகை, வீட்டுக்கூடம் எங்கே கூரை உண்டோ அங்கே மெல்லிதாகப் பரப்பி, காற்றோட்டம் கொடுத்து, நாளுக்கு நாலைந்து முறை புரட்ட வேண்டும். மின்விசிறி இருந்தால் ஓடவிடலாம். மழை நனைத்த காயை மற்றதோடு சேர்க்காமல் தனியே அடையாளம் வைக்க வேண்டும்.

உடைப்பதும் பொறுக்குவதும்

எந்திரத்தில் பருப்பு உடையாமல் வரவும், கையால் உடைக்கும்போது ஓடு இளகவும் காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எடை கூடும் என்பதற்காகத் தெளிப்பவர்களும் உண்டு. பாடுபட்டுக் காயவைத்ததை ஒரு குடம் தண்ணீர் கெடுத்துவிடும். தண்ணீர் தெளிக்காமல் உடைப்பதே சரி. ஓட்டோடு இருப்பதே கடலைக்குப் பாதுகாப்பு என்பதால் தேவைக்குத் தேவை உடைத்துக்கொள்வது நலம்.

உடைத்த பருப்பை முறத்தில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்துப் பொறுக்க வேண்டும். பூசணம் படிந்தது, கறுத்தது, மஞ்சள் அல்லது பழுப்பு நிறம் பாய்ந்தது, சுருங்கியது, பூச்சி அரித்தது, முளைவிட்டது, தோலின்றிப் பிளந்து நாளானது ஆகிய அனைத்தையும் நீக்க வேண்டும். உண்ணும்போது கசக்கும் பருப்பை விழுங்காமல் துப்பி, வாயைக் கொப்பளிக்க வேண்டும். நான்கு நல்ல பருப்போடு ஒரு சொத்தை போகட்டும் என்று விட்டுவிடக் கூடாது. நஞ்சின் பெரும்பகுதி அந்த ஒன்றில்தான் இருக்கக்கூடும்.

பொறுக்கிய கழிவை என்ன செய்வது? மனிதர் உண்ணக் கூடாது. கூலியோடு கொடுக்கவும் கூடாது. செக்குக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் ஆகாது. எரிப்பதோ, ஆழமாகக் குழிதோண்டிப் புதைப்பதோதான் வழி. பொருளை எரிக்க மனம் வராதுதான். ஆனால் மூடைக்குச் சில பிடி எரிந்துபோவது, மீதி மூடையைக் காப்பாற்றும் செலவு என்றே கொள்ள வேண்டும்.

சேமிப்பு

காய்ந்த காயைச் சுத்தமான சணல் சாக்கில் கட்டி, மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்க வேண்டும். உரம் வந்த பிளாஸ்டிக் சாக்கில் உணவுக் கடலையைக் கட்டக் கூடாது. அரைகுறையாகக் காய்ந்த கடலை அதில் வேர்த்து நனைந்துபோகும். உரத்தின் மிச்சமும் ஒட்டும். ஓடு ஒழுகும் கூரையின் கீழும் அடுக்கக் கூடாது. மாதம் ஒரு முறை மூடைக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும். சூடோ முக்கல் வாடையோ தெரிந்தால் உடனே கொட்டிக் காயவைத்து, மறுபடியும் பொறுக்க வேண்டும். வண்டு வந்தால் அதன் மூச்சிலிருந்தே ஈரமும் சூடும் உண்டாகிப் பூசணம் தொடரும் என்பதால் வண்டையும் கவனிக்க வேண்டும். உண்ணும் கடலையின்மேல் பூச்சிமருந்தை நேரே தூவக் கூடாது.

பிண்ணாக்கும் பாலும்

சொத்தைக் கடலையைச் செக்கில் ஆட்டினால் எண்ணெயில் நஞ்சு வராது என்று நம்புகிறவர்கள் பலர். பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்குவது உண்மை. ஆனால் வடிகட்டாத எண்ணெயில் மிதக்கும் தூளோடு ஒரு பகுதி வந்துவிடும். எண்ணெயைத் தெளியவிட்டு, அடர்ந்த துணியில் வடிகட்டிப் பயன்படுத்துவது நலம்.

பிண்ணாக்கில் தங்கிய நஞ்சைப் பசு தின்றால் அதில் 100-க்கு 1 முதல் 2 பங்கு, அதிகம் கறக்கும் மாட்டில் 6 பங்கு வரையும்கூட, எம்-1 என்ற வடிவில் பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் தயிராக்கினாலும் அது போவதில்லை. வீட்டில் அதிகமாகப் பால் குடிப்பவர்கள் குழந்தைகள். பூசணம் பிடித்த பிண்ணாக்கை நிறுத்தினால் சுமார் 4 நாட்களில் பால் சுத்தமாகிவிடும் என்பது ஆறுதலான செய்தி. வாத்துக் குஞ்சுகள் இந்த நஞ்சைச் சிறிதும் தாங்காதவை.

வறுத்தால் போய்விடுமா?

அவித்தால், கழுவினால், வெயிலில் மறுபடி வைத்தால் நஞ்சு போய்விடும் என்பது தவறு. சூட்டில் பூசணம் சாகும். அது விட்டுச்சென்ற நஞ்சு சாகாது. 200 டிகிரிக்கு மேலும் அது தாங்கும். வறுப்பதில் ஒரு பகுதி குறையலாம், முழுவதும் போகாது. அரைத்துச் சட்னியாக்கினால் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாமல் மறைந்துவிடும், அவ்வளவுதான். எனவே அரைப்பதற்கு முன் பொறுக்க வேண்டும்.

கீரை மருந்தாகுமா?

தாவரங்களில் இதற்கு மாற்று உண்டா என்ற ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. சீனாவில் கல்லீரல் புற்றுநோய் மிகுந்த சீதோங் வட்டாரத்தில் 180 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு, இலைகளின் பச்சையத்திலிருந்து தயாரிக்கப்படும் குளோரோபிலின் என்ற பொருளை வேளைக்கு 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 4 மாதம் கொடுத்தார்கள். டி.என்.ஏ.வில் நஞ்சு ஒட்டியதன் அடையாளம் அவர்களுடைய சிறுநீரில் 55 சதவீதம் குறைந்திருந்தது. முடிவு 2001-இல் வெளியானது. இந்தப் பொருள் குடலிலேயே நஞ்சைப் பற்றிக்கொள்வதால் அது உடலுக்குள் குறைவாகச் சேர்கிறது என்று கருதுகிறார்கள்.

இது நல்ல செய்தி. ஆனால் அளந்தது அடையாளத்தை. புற்றுநோய் குறைந்ததா என்பதை அன்று. கொடுத்ததும் தயாரித்த மாத்திரை. கீரைக் கூட்டு அன்று. கீரை வேறு பல காரணங்களுக்காக அவசியம் உண்ண வேண்டிய உணவு. அதை உண்டால் சொத்தைக் கடலையையும் உண்ணலாம் என்று எண்ணுவது தவறு.

தாவரத்திலிருந்து புற்றுநோய் மருந்து கிடைப்பதும் உண்மைதான். நம் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுத்து, மருத்துவர் அளந்து ஊசியாகச் செலுத்துவது அது. அந்த இலையை வீட்டில் மென்றால் நஞ்சாகும். கல்லீரல் நோயோ புற்றுநோயோ கண்டவர்கள் மருத்துவமனைச் சிகிச்சையை விட்டுவிட்டு இலை, வேர், பொடி என்று நாள் கடத்தக் கூடாது.

அதே சீதோங் வட்டாரத்திலிருந்து வந்த மற்றொரு செய்தி விவசாயிகளுக்கு இன்னும் முக்கியமானது. அங்கே மக்களின் முதன்மை உணவு மக்காச்சோளமாக இருந்தது. 1980-களில் அவர்கள் அரிசிக்கு மாறினார்கள். பழைய இரத்த மாதிரிகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டபோது நஞ்சின் அடையாளம் வெகுவாகக் குறைந்திருந்தது. கல்லீரல் புற்றுநோய்ச் சாவும் இறங்கியது. தடுப்பூசி போட்ட தலைமுறை வளர்ந்து அந்த வயதை எட்டும் முன்பே இந்த இறக்கம் தொடங்கிவிட்டது என்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. தட்டில் விழும் நஞ்சு குறைந்தால் ஊரில் நோய் குறைகிறது.

நாம் நிலக்கடலையை விட வேண்டியதில்லை. விடவும் கூடாது. 100 கிராம் பருப்பில் 25 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. ஏழைக் குழந்தைகளுக்கு இவ்வளவு மலிவாகப் புரதம் தரும் உணவு வேறு அதிகம் இல்லை. நல்ல காயை எல்லாம் விற்றுவிட்டுக் கழித்ததை வீட்டுக்கு வைக்கும் வழக்கத்தைத்தான் விட வேண்டும். அடுத்த அறுவடையில் மூடை பிடிக்கும்போது, குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் தேவையான கடலையை முதல்தரக் காயிலிருந்தே முதலில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு விற்பனைக்கு அளப்பது சாலச் சிறந்தது.